‘எனக்கு ஒன்றுமில்லை’ என்கிற படைவீரரின் நண்பர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரடைப்பு வந்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று நாளிதழ்கள் அடிக்கடி எழுதுகின்றன. வந்ததே தெரியாமல் வந்துபோன ‘மௌன மாரடைப்பு’க்குப் பிறகு எப்படி நடந்துகொள்வது என்று எழுதுவோர் குறைவு. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், கூடப் பணியாற்றிய நண்பர்கள் ஓடோடி வந்துவிடுகிறார்கள். முதல் வாரம் வீடு நிறைந்திருக்கிறது. ஆனால் எதைக் கவனிப்பது, எதைக் கேட்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இதய நோயாளிகளின் மறுவாழ்வுப் பணியில் இருக்கும் நாங்கள் அந்த நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

வழக்கமான மாரடைப்பில் நடப்பதேதான் மௌன மாரடைப்பிலும் நடக்கிறது. இதயத்தின் ரத்தக் குழாய் அடைபடுகிறது, இதயத் தசையின் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிறது. நெஞ்சைப் பிடிக்கும் வலி மட்டும் வருவதில்லை. இரண்டு நாள் அசதி, செரிக்காதது போன்ற மந்தம், காரணமில்லாத வியர்வை, படியேறினால் மூச்சிரைப்பு, தாடையிலோ மேல்முதுகிலோ ஓர் இறுக்கம் என்று வந்து போய்விடும். பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர்களுக்கு இதயத்தின் வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகளே பழுதுபட்டிருக்கலாம் என்பதால், அவர்களிடம் இது அதிகம். அமெரிக்காவில் நீண்டகாலமாக நடந்துவரும் ஏரிக் ஆய்வு 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, பதிவான மாரடைப்புகளில் 45 சதவீதம் இந்த வகை. வேறு எதற்கோ எடுத்த ஈசிஜியில் பழைய பாதிப்பின் தடயமான க்யூ அலை தெரிந்தோ, இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படமான எக்கோவில் இதயச் சுவரின் ஒரு பகுதி சரியாக அசையாமல் இருப்பது தெரிந்தோதான் பலருக்கு விஷயம் வெளியே வருகிறது. அதற்குள், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவு பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். அது உயர்ந்த நிலையில் நிற்பது சுமார் இரண்டு வாரம்வரைதான். ஆகவே, ‘ரத்தப் பரிசோதனை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று வாதாடுவதில் பொருளில்லை.

நண்பர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்: இந்த மனிதரின் உடல் ஒருமுறை எச்சரிக்கை தரவில்லை, அடுத்த முறையும் தராமல் போகலாம். அதோடு, வலியைக் காட்டிக்கொள்ளாமல் நடந்துகொண்டே இருப்பது அவர் பல ஆண்டுகள் பழகிய பழக்கம். இரண்டும் சேரும்போது ‘நல்லா இருக்கேன்’ என்ற பதிலுக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. எனவே ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். ‘அண்ணே, நேத்து ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுத்தீங்க?’ என்று கேளுங்கள். ‘போன வாரம் நிக்காம ஏறின மாடிப்படியில இந்த வாரம் எங்கே நின்னீங்க?’ ‘இன்னைக்குக் காலையில எடை எவ்வளவு?’ இந்தக் கேள்விகளுக்கு எண்ணாகவோ இடமாகவோதான் பதில் வரும். வீரத்தால் மழுப்ப முடியாது.

பழைய ஆவணங்களைத் தேடி எடுப்பது நண்பர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. படையில் இருந்தவர்களுக்குப் பணிக்காலத்திலும் ஓய்வுபெறும்போதும் மருத்துவப் பரிசோதனை நடந்திருக்கும். அந்தக் கோப்பில் ஓர் ஈசிஜி இருந்தால் அது பொன்னுக்குச் சமம். அதில் இல்லாத க்யூ அலை இப்போது இருந்தால், பாதிப்பு இடைப்பட்ட காலத்தில் நேர்ந்தது என்று மருத்துவர் சொல்ல முடியும். அதிலேயே இருந்திருந்தால் கதை வேறு. ஈசிஜி எடுக்கும் மின்முனைகளை இடம் மாற்றி ஒட்டினாலும், சிலருடைய உடலமைப்பாலும் போலி க்யூ அலை தோன்றுவது உண்டு. அதனால்தான் எக்கோவோ, தேவைப்பட்டால் இதய எம்ஆர்ஐ படமோ எடுத்து உறுதிசெய்கிறார்கள். கோப்பைப் பிரதி எடுத்து, தேதி வரிசையில் அடுக்கி, மேலே மருந்துப் பட்டியலையும் ஒவ்வாமை விவரத்தையும் வைத்து ஒரே உறையில் போட்டுக் கொடுங்கள்.

அடுத்து, ‘ஸ்டென்ட் வைக்காமல் அனுப்பிவிட்டார்களே, வேறு மருத்துவமனைக்குப் போவோம்’ என்று நண்பர்கள் கொந்தளிப்பதைப் பற்றி. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் குழாய் முழுதாக அடைபட்டு நாள் கடந்துவிட்டால், நோயாளி நிலையாக இருக்கும்போது அதைத் திறப்பதால் பொதுவாகப் பயனில்லை. மாரடைப்பு வந்து 3 முதல் 28 நாள் ஆனவர்களிடம் நடத்தி 2006இல் வெளியான ஓஏடி ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. செத்த தசை திரும்ப உயிர்பெறாது. அந்தத் தசைக்குள் இன்னும் உயிருள்ள பகுதி இருக்கிறதா, மற்றக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. சந்தேகம் இருந்தால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை, அதுவரை மாத்திரையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

மாத்திரைதான் இந்தக் கட்டத்தில் உண்மையான சிகிச்சை. பெரும்பாலும் ஆஸ்பிரின் 75 முதல் 100 மில்லிகிராம், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் அதிக அளவில் (அடோர்வாஸ்டாட்டின் என்றால் 40 அல்லது 80 மில்லிகிராம்), இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான் ஒன்று, ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மருந்து ஒன்று எழுதித் தருவார்கள். ஸ்டென்ட் வைத்திருந்தால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டாவது மாத்திரையாக க்ளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலர் சேரும். பொதுவாக 6 முதல் 12 மாதம்வரை அது தொடரும். பல் பிடுங்கவோ சிறு அறுவைக்கோ போகுமிடத்தில் ‘ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்று சொல்லிவிடுவது உண்டு. இதய மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அது உயிருக்கே உலை வைக்கும்.

தானாக நிறுத்துபவர்களுக்கும் காரணம் இருக்கிறது. ராமிப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். பீட்டா தடுப்பான் தொடக்கத்தில் சோர்வாக்கும். ஸ்டாட்டினால் தசை வலிக்கிறது என்பார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் மாற்று மருந்தோ அளவுக் குறைப்போ உண்டு. ஆனால் சொன்னால்தானே மாற்ற முடியும்? நண்பர் ஒருவர் வாரத்தில் ஒரு நாளை முடிவுசெய்து, ஏழு நாள் மாத்திரைப் பெட்டியை அவரோடு உட்கார்ந்து நிரப்ப வேண்டும். போன வாரத்து அறைகளில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவு அறைகள் மட்டும் மிச்சமிருந்தால் மறதி. ஒரே நிற மாத்திரை மட்டும் எல்லா அறையிலும் கிடந்தால் வேண்டுமென்றே விடுகிறார். ‘ஏன் விட்டே?’ என்று அதட்டாமல், ‘அதைப் போட்டா என்ன பண்ணுது?’ என்று கேளுங்கள். கையிருப்பு பத்து நாளுக்குக் குறையும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

படைவீரர்களிடம் நாங்கள் குறிப்பாகப் பயப்படுவது மூட்டுவலி, முதுகுவலி மாத்திரைக்குத்தான். ஆண்டுக்கணக்கில் சுமை தூக்கி நடந்த முழங்கால்கள், எனவே ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் சட்டைப் பையிலேயே இருக்கும். மாரடைப்புக்குப் பிறகு இந்த வகை மாத்திரைகள் மீண்டும் அடைப்பு வரும் ஆபத்தைக் கூட்டுகின்றன, உடலில் நீரைத் தேக்குகின்றன, ஆஸ்பிரினோடு சேர்ந்து வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்குகின்றன. ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கவும் கூடும். நண்பர்கள் தங்களிடம் இருக்கும் மாத்திரையை ‘இதைப் போடு, சரியாகிவிடும்’ என்று நீட்டுவதை அறவே விட வேண்டும். வலிக்கு எதை எடுக்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலம் தார்போல் கறுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் கொடுத்திருந்தால் அதற்கும் முறை இருக்கிறது. உட்கார்ந்துகொண்டுதான் எடுக்க வேண்டும், ரத்த அழுத்தம் சட்டென இறங்கும். விழுங்கக் கூடாது. மாத்திரையை அதன் இருண்ட நிறக் கண்ணாடிப் புட்டியிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றினால் வீரியம் போய்விடும். புட்டியைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். எடுத்து 5 நிமிடத்தில் சரியாகாவிட்டால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை எடுத்திருந்தால் நைட்ரோகிளிசரின் ஆபத்து. சில்டனாஃபில் என்றால் 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் இடைவெளி வேண்டும். இதை மனைவியிடமோ பிள்ளையிடமோ பேசத் தயங்குவார். தோளில் கைபோட்டுப் பேசும் நண்பர் கேட்டால் சொல்வார். இன்னொன்று: ‘நெஞ்சு வலித்தால் போடுங்கள்’ என்ற வழக்கமான அறிவுரை இவருக்குப் போதாது. எந்த அறிகுறிக்கு எடுப்பது, மூச்சிரைப்புக்கா, தாடை இறுக்கத்துக்கா, திடீர் வியர்வைக்கா என்று மருத்துவரிடம் கேட்டு, அதையும் புட்டியோடு ஒட்டிவையுங்கள்.

தினமும் அளக்க வேண்டியவை இரண்டு. காலையில் சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடும் முன், அதே அளவு உடையோடு, அதே எடைக் கருவியில் எடை. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பு இல்லை, இதயம் வெளியேற்ற முடியாமல் தேங்கிய நீர். கணுக்கால் வீக்கம், படுத்தால் மூச்சுமுட்டுவது, தலையணை எண்ணிக்கை கூடுவது எல்லாம் அதன் கூட்டாளிகள். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அடுத்து ரத்த அழுத்தம். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின், பாதம் தரையில் பட, கை இதய மட்டத்தில் தாங்கியிருக்க, பேசாமல், துணியில்லாத கையில் பட்டையைச் சுற்றி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. கை பருத்தவருக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். நண்பர்கள் சூழ்ந்து நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. எழுந்து நின்றதும் தலைசுற்றினால் நின்ற நிலையிலும் எடுத்து எழுதுங்கள்.

நடைப்பயிற்சியில்தான் பழைய சிப்பாய் விழித்துக்கொள்வார். நாலாம் நாளே ஓடப் பார்ப்பார், தண்டால் எடுத்துக் காட்டுவார். மருத்துவர் அனுமதித்தபின் சமதரையில் 5 முதல் 10 நிமிடம், ஒரு நாளில் இரண்டு வேளை என்று தொடங்கி, தாங்கும் அளவுக்குத் தினம் ஓரிரு நிமிடம் கூட்டி, ஒன்றரை மாதத்தில் 30 நிமிடத்துக்கு வந்தால் போதும். தொடக்கத்தில் 5 நிமிடமும் முடிவில் 5 நிமிடமும் மெதுவாக. சட்டென நின்றுவிட்டால் ரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள்ளும் கடும் வெயிலிலும் குளிரிலும் வேண்டாம். மூச்சை அடக்கி எடை தூக்குவதும் தண்டாலும் ரத்த அழுத்தத்தை எகிறவைக்கும், இப்போதைக்கு வேண்டாம்.

வேகத்துக்கு ஓர் அளவு வேண்டுமே என்றால், நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை அவரே எண்ணாகச் சொல்லும், 6 முதல் 20 வரையான போர்க் அளவுகோலில் 11–13, அதாவது ‘இலேசு’ முதல் ‘கொஞ்சம் கடினம்’ வரை. பீட்டா தடுப்பான் எடுப்பவருக்கு நாடித்துடிப்பு ஏறாது என்பதால், 220இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பின் உச்சத்தைப் போடும் கணக்கு செல்லாது. வலி தெரியாதவருக்கு இதற்கும் மேல் ஒரு பாதுகாப்பு வேண்டும். தினசரி மாத்திரைகளை எடுத்த நிலையிலேயே ட்ரெட்மில் பரிசோதனை செய்து, எந்த நாடித்துடிப்பில் இதயத்துக்கு ரத்தம் குறைவது ஈசிஜியில் தெரிகிறதோ அதற்கு 10 துடிப்பு கீழே நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கூட நடக்கும் நண்பருக்கும் அது மனப்பாடமாக இருக்கட்டும். அவரை முந்தி நடக்காதீர்கள். நீங்கள் ஓரடி முன்னால் போனால் அவர் ஈரடி போடுவார். முறையான இதய மறுவாழ்வுத் திட்டம் கிடைத்தால், கைவிடாமல் கொண்டுபோய்ச் சேருங்கள். மாரடைப்புக்குப் பின்னான சிகிச்சைகளிலேயே மிக அதிகமாகத் தவறவிடப்படுவது அதுதான் என்பது எங்கள் வருத்தம்.

மனத்தைப் பற்றி. மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தீவிர மனச்சோர்வு வருகிறது. போர்க்களத்தைப் பார்த்தவருக்குப் பழைய அதிர்ச்சிகளும் கிளறப்படும். கருவிகளின் அலறலும் குழாய்களும் அவரை எங்கோ கொண்டுபோய்விடும், அதை மருத்துவமனை ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் வியர்த்து, படபடத்து, மூச்சுத் திணறி எழுந்தால் அது கெட்ட கனவாகவும் இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். ‘வழக்கமா வர்றதுதான்’ என்று அவரும் வீட்டாரும் விட்டுவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. விளக்கைப் போட்டு உட்காரவைத்துப் பேசினால் சில நிமிடத்தில் தணிவது கனவாக இருக்கலாம். படுத்தால் கூடி, உட்கார்ந்தால் குறையும் மூச்சுத் திணறல் நுரையீரலில் நீர் கோத்ததைக் காட்டலாம். சந்தேகம் துளி இருந்தாலும் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும், அது வீணானாலும் பரவாயில்லை. கெட்ட கனவுக்காக ப்ராசோசின் எடுப்பவர் அதை இதய மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்ந்து அழுத்தம் அதிகமாக இறங்கி மயங்கி விழலாம்.

கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்து பாதுகாப்பானது என்று 2002இலேயே ஆய்வு வந்துவிட்டது, எனவே ‘இதயத்துக்கு ஆகாது’ என்று தடுக்காதீர்கள். மனச்சோர்வில் இருக்கும் நாள்களில் வீட்டில் துப்பாக்கி இருந்தால், அவர் சம்மதத்தோடு சட்டப்படி பாதுகாப்பான வேறிடத்துக்கு மாற்றிவையுங்கள்.

புகையை விட்ட ஓர் ஆண்டில், புகையால் கூடியிருந்த இதயநோய் ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. வேறெந்தப் பழக்க மாற்றமும் இவ்வளவு தராது. ஆனால் கூடிப் பேசும்போது நீங்கள் பற்றவைத்தால் அவரும் பற்றவைப்பார். அவர் இருக்குமிடத்தில் புகை வேண்டாம், மது வேண்டாம் என்று நண்பர்கள் முதலில் தங்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி அளவு.

நண்பர்கள் அனைவரும் இதய உயிர்ப்பு முயற்சி எனும் சிபிஆர் கற்றுக்கொள்ள வேண்டும். தழும்புள்ள இதயம் தாளம் தப்பித் திடீரென நின்றுவிடலாம். தட்டிக் கூப்பிட்டும் பதிலில்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டுத் திணறி இழுக்கிறார் என்றால், அந்த இழுப்பை மூச்சு என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். ஒருவர் அவசர ஊர்தியை அழைக்க, ஒருவர் மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும் மார்பை முழுதாக மேலெழ விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், இல்லாவிட்டால் கை தளர்ந்து ஆழம் குறையும். நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவி அருகில் எங்கே இருக்கிறது என்பதை இன்றே போய்ப் பார்த்து வையுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது ஒருவர் கூடவே உள்ளே போய்க் குறித்துக்கொள்ள வேண்டும். எக்கோவில் இதயம் வெளித்தள்ளும் திறன் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 40 அல்லது அதற்குக் கீழ் என்றால் மருந்துகள் கூடும். மாரடைப்புக்குப் பின் 40 நாள் கடந்து, முழு மருந்துக்குப் பிறகும் 35 அல்லது அதற்குக் கீழ் நின்றால், தாளத்தைச் சீராக்கும் ஐசிடி கருவி பற்றிப் பேச வேண்டிவரும். எல்டிஎல் கொழுப்பு எவ்வளவு, 55 மில்லிகிராமுக்குக் கீழே வந்ததா, ஸ்டாட்டின் தொடங்கிய 4 முதல் 6 வாரத்தில் மறுபரிசோதனை எப்போது, இந்த ஆண்டு ஃப்ளூ தடுப்பூசி எப்போது என்பவையும் பட்டியலில் இருக்கட்டும்.

இத்தனையையும் ஒருவரே செய்ய முடியாது, பத்துப் பேர் ஒரே நாளில் வந்தாலும் நடக்காது. படையில் போட்டதுபோலவே டூட்டி பட்டியல் போடுங்கள். மாத்திரைப் பெட்டிக்கு ஒருவர், நடைக்கு இருவர் மாறி மாறி, மருத்துவமனைக்கு ஒருவர். எல்லாத் தகவலும் ஒருவரிடம் சேரட்டும், வீட்டாரிடம் அந்த ஒருவர் மட்டும் பேசட்டும். பத்துப் பேருக்குத் தனித்தனியே பதில் சொல்லியே அவர் மனைவி களைத்துவிடுகிறார். வாரம் ஒரு பிற்பகலாவது அந்த மனைவி கவலையின்றி வெளியே போய்வரும்படி ஒருவர் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க வந்தால் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள்.

முதல் மாதத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மூன்றாம் மாதத்தில் ஆள் வருவது நிற்கும்போதுதான் மாத்திரையும் நடையும் நிற்கத் தொடங்குகின்றன. ஆகவே பட்டியலை ஓராண்டுக்குப் போடுங்கள். ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால், இரண்டாவது ரத்த உறைவு எதிர்ப்பு மாத்திரையை நிறுத்தலாமா என்று மருத்துவர் முடிவு செய்யும் தேதியை இப்போதே கேட்டு, யார் கூடப் போவது என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
இதய மறுவாழ்வுப் பணியாளர்கள்